வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

1

இதை நான் பயணக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியை கேட்டிருந்தார். கோடை மலர். தலைப்பு, 'குழந்தைகளோடு ஓர் ஐரோப்பியத் தலைநகரம்'. கலகலப்பாக இருக்க வேண்டும், எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று குறிப்புகள் வேண்டும், வண்ணப் படங்கள் அவர்களே போட்டுக்கொள்வார்கள். "பெல்ஜியத்துலயே இவ்வளவு காலமா இருக்கீங்க, பிரஸ்ஸல்ஸ் உங்களுக்கு அத்துப்படியா இருக்குமே" என்றார். நான் இருப்பது பஸ்தோன் என்ற சிறிய ஊரில். பிரஸ்ஸல்ஸுக்குப் போக முதலில் பேருந்து, பிறகு ரயில். ஆனால் சென்னையிலிருந்து பார்க்கும்போது எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருதான். ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது: "பிரஸ்ஸல்ஸ் குழந்தைகளுக்காகவே கட்டப்பட்ட நகரம்."

இரண்டாவது வரிக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேல்வீட்டுக் கொராலி வந்தாள். ரொட்டிக்கடையில் காலை வேலை முடித்து, விற்காமல் மிஞ்சிய ரொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். அந்த வரியைப் பிரெஞ்சில் சொன்னேன்.

"அத அடி" என்றாள்.

"ஏன்?"

"அடின்னா அடி, தேன். அப்புறம் சொல்றேன்."

(என் பெயர் தேன்மொழி. இவர்கள் வாயில் பாதிதான் நுழைகிறது.)

அடித்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னாள். போன இலையுதிர்கால விடுமுறையில் அவள் பிள்ளைகளை பிரஸ்ஸல்ஸுக்குக் கூட்டிப்போனது எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் பெரியவளுக்குக் காய்ச்சல் வந்ததும் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

அவள் சொல்லி முடித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இந்தக் கதை முடியும்போதும் இறங்கியிருக்காது. நிதானமான, எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று முடிகிற கதை வேண்டுமென்றால், கோடை மலரில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. அங்கே போய்விடுங்கள்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கொராலி. அவள் கணவன் மரலாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் காட்டிலும் சாலையிலும் இருப்பான், இந்தக் கதைக்குள் வரமாட்டான். மகன் பஸீல், நான்கு வயது. மகளுக்கு எட்டு வயது.

மகளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. உண்மைப் பெயரை எழுதக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். நான் யோசித்த பெயர்களையெல்லாம் உதட்டைப் பிதுக்கித் தள்ளினாள். "ஸெலி" என்று தானே ஒன்று வைத்துக்கொண்டாள். ஆகவே ஸெலி.

"எழுதிக்கோ. ஆனா ரெண்டு விஷயம்" என்றாள்.*

"என்ன?"

"நான் அழல. அழுதேன்னு எழுதக்கூடாது."

"சரி."

"இன்னொண்ணு..." என்று ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்து, என் காதருகே வந்து சொன்னாள். அதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

* இங்கே பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரர்களை ஒருமையில்தான் பேசுவார்கள். ஆசிரியை இதை 'நீங்க' என்று திருத்திவைத்தார். நான் திரும்ப 'நீ' ஆக்கினேன்.

3

அந்த நாள் நன்றாகத்தான் தொடங்கியது. கோபத்தில் இருக்கிறவள் இதை மறைத்துவிடுவாள் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

ஸெலிக்கு டைனோசர் பைத்தியம். அருங்காட்சியகத்தில், நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழத்திலிருந்து எடுத்த எலும்புக்கூடுகள் ஒரு பெரிய கண்ணாடி அறைக்குள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் பெயர், எடை, என்ன தின்றன என்பதெல்லாம் அவளுக்கு முன்பே மனப்பாடம். ஆனால் நேரில் பார்த்ததும் எதையும் சொல்லவில்லையாம். தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். காவலாளி வந்தார். எழுப்பிவிடுவார் என்று கொராலி பயந்தாள். அவர் குனிந்து, "இங்க படுத்தாதான் தாடை நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர எழுதிடு" என்றாள் கொராலி. "அன்னிக்கு ஸெலிகிட்ட நல்லபடியாப் பேசின ஆளு அவரு ஒருத்தருதான்."

எழுதிவிட்டேன்.

வெளியே வரும்போது கொராலி கேட்டாள்: "பாத்ரூம் போயிட்டு வந்துடறியா?"

"வரலம்மா."

பிறகு இதைப் படித்துவிட்டு ஆசிரியை தொலைபேசியில் குறுக்கிட்டது இந்த இடத்தில்தான். "அங்கயே போயிருந்தா கதையே இல்லையே" என்றார். எனக்குத் தெரியும், உங்களில் பலரும் இதே இடத்தில் இதையே நினைத்தீர்கள். அம்மா கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம், பெண்ணும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்று. ஒரு குழந்தைக்குத் தவறு நடக்கும்போது அந்தக் குழந்தை அதற்கு முன் என்ன செய்திருக்கலாம் என்று தேடுவது நமக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கு அப்போது வரவில்லை. பிறகு வந்தது. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

4

நகரத்தின் நடுவுக்கு வந்தார்கள். பஸீலுக்கு அந்தச் சிலையைப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் படத்தில் தெரிந்திருக்கும்: தெருமுனையில் நின்று ஓயாமல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் வெண்கலப் பையன். கூட்டத்தில் நசுங்கிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவனுக்குத் தீயணைப்பு வீரர் உடுப்பு போட்டிருந்தது. பஸீல் விழுந்து விழுந்து சிரித்தான். ஸெலி சிரிக்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம்.

"அம்மா."

"என்ன?"

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

பக்கத்திலேயே ஒரு பெரிய காப்பிக்கடை. கதவில் பித்தளைப் பலகை: கழிப்பறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும். கொராலிக்கு அதில் வருத்தமில்லை. ஒரு காப்பி குடித்துவிட்டால் போயிற்று.

இங்கே பரிசாரகன் வருகிறான். முதல் பிரதியில் அவனை இப்படி எழுதினேன்: "எண்ணெய் தடவி வாரிய தலையும், இளக்காரம் வழியும் உதடுகளுமாக அவன்..."

கொராலியிடம் படித்துக் காட்டினேன்.

"யாரு இது?"

"அந்தப் பரிசாரகன்."

"அவன் அப்படியெல்லாம் இல்ல. சின்னப் பையன். கண்ணெல்லாம் செவந்து போயிருந்துச்சு. காலைலேருந்து நின்னுட்டே இருந்திருப்பான் பாவம்."

"பாவமா?"

"நீ கோவப்படறதுக்காக அவன் மூஞ்சிய மாத்துவியா?"

அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவன் முகத்தை விட்டுவிட்டேன். நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"உட்கார எடம் இல்ல மேடம். வரிசையில நில்லுங்க" என்றான் அவன்.

"எடம் வேணாம். நின்னுக்கிட்டே ஒரு காப்பி குடிச்சுக்கறேன். பொண்ணு மட்டும் உள்ள போயிட்டு வரட்டும்."

"நின்னுக்கிட்டுக் குடிக்கிற வழக்கம் இங்க இல்ல."

"அப்ப காப்பிக்குக் காசு வாங்கிக்கோங்க, காப்பி வேணாம்."

"மேடம், உட்கார்ந்தவங்களுக்குத்தான் சாவி. எனக்குச் சொன்னத நான் சொல்றேன்."

சாவி அவனுடைய இடுப்புப் பையில் இருந்தது, ஒரு மரக்கட்டையில் கோத்து. கட்டையின் முனை வெளியே தெரிந்தது. ஸெலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றாள் கொராலி.

எனக்குச் சொன்னதை நான் சொல்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை கதவுகளின் முன்னால் நிற்கிறார்கள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். கெட்டவன் ஓய்வுபெற்றுப் போனால் கதவு திறந்துவிடும். களைத்துப்போன ஒரு நல்ல பையன் நின்றால் அது திறக்கவே திறக்காது.

5

அடுத்தது கடைகள் வரிசையாக உள்ள ஒரு கூடத்தின் அடித்தளம். அங்கே கழிப்பறை உண்டு, ஆனால் சுழலும் கம்பிக் கதவு. நாணயம் போட்டால்தான் சுழலும். கொராலியிடம் வங்கி அட்டைதான் இருந்தது. நாணயங்களை எல்லாம் பஸீல் தின்ற வாஃபிளுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண்மணியிடம் கேட்டாள். நல்ல உடை, நல்ல கைப்பை, கூட இரண்டு பிள்ளைகள்.

"மன்னிக்கணும், ஒரு அம்பது சென்ட் காசு இருக்குமா? பொண்ணுக்கு அவசரம்."

அந்தப் பெண்மணி கைப்பையைத் திறந்தாள். தேடினாள். தேடிக்கொண்டே சொன்னாள்: "பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் யோசிக்கணும் இல்லையா?"

அந்தப் பெண்மணி பையை மூடினாள். "இல்ல, எங்களுக்குத் தேவையானதுதான் இருக்கு."

[இந்த இடத்தில் அந்தப் பெண்மணியைப் பற்றி நான் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அவளுடைய பிள்ளைகள் வளர்ந்து, ஒருநாள் ஒரு கதவின் முன்னால்... வேண்டாம். பிள்ளைகள்மேல் பழிவாங்குவது எனக்கு அசிங்கம்.]

"தாண்டிக் குதிச்சிருக்கலாமே?" என்று கொராலியிடம் கேட்டேன்.

"தூக்கி அந்தப் பக்கம் விடலாம்னு பார்த்தேன். ஸெலி கையத் தட்டிவிட்டா. 'திருட்டுத்தனமா வேணாம்மா, எல்லாரும் பாக்கறாங்க'ன்னா. நானே கத்துக் குடுத்ததுதானே."

6

மூன்றாவது இடத்தை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. இதை நான் புனைந்திருந்தால், ரொம்பக் கச்சிதமாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன். ஆனால் அது அங்கே இருக்கிறது, போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்: ஒரு தேவாலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி, ஆண்கள் நின்று சிறுநீர் கழிப்பதற்கான திறந்த இடம். காசு இல்லை, சாவி இல்லை, சாயங்காலம் மூடுகிற கதவும் இல்லை. கதவே இல்லை.

அதற்குள் பஸீலுக்கும் வந்துவிட்டது. தொட்டி அவனுக்கு உயரம். கொராலி அவனைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் நகர்ந்து இடம்விட்டார், "வாடா சிங்கக்குட்டி" என்றார். பஸீல் பெருமையாக முடித்து, குதித்து இறங்கினான்.

ஸெலி சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். கால்களைப் பின்னிக்கொண்டு.

"எனக்கு?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். கொராலி இதைச் சொல்லும்போது என் மேசைமேல் இருந்த ரொட்டியை எடுத்துத் துண்டுதுண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நகரத்தில் ஒன்றுக்குப் போகும் சிறுமிக்கும் ஒரு சிலை இருக்கிறது. முட்டுச் சந்து ஒன்றில், இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால். இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

7

இப்போது சந்து. இதை ஐந்து முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒரு பிரதியில் மழை பெய்தது. அன்றைக்கு மழை இல்லை என்றாள் கொராலி. எடுத்துவிட்டேன். இன்னொன்றில் கொராலி நீளமாக ஒரு வசனம் பேசினாள், சட்டம் படித்தவளைப் போல. "நான் எங்கடி இப்படிப் பேசினேன்? என் பல்லெல்லாம் நடுங்கிட்டிருந்துச்சு" என்றாள். அதையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்.

சுற்றித் திரும்பி வந்த வழியில், சிலைக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு சரக்கு வண்டிகள் நின்றிருந்தன. நடுவில் கொஞ்சம் இடம். ஸெலியால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. கொராலி தன் கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் திரையாக விரித்துப் பிடித்தாள்.

"ஒக்காரு. யாரும் பாக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல."

ஸெலி உட்கார்ந்தாள். அப்போது சீருடையில் ஓர் இளம்பெண் வந்தாள். தெருவின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவள்.

"மேடம், என்ன பண்றீங்க இங்க?"

"தெரியலையா உங்களுக்கு? கொஞ்சம் திரும்பி நில்லுங்க."

"இதுக்கு அபராதம் உண்டு. அடையாள அட்டையக் குடுங்க."

"குடுக்கறேன். பொண்ணு எந்திரிச்சுக்கட்டும்."

"முதல்ல அட்டை."

"அட்டை பையில இருக்கு. கோட்ட விட்டாத்தான் எடுக்க முடியும்."

"விட்டுட்டு எடுங்க."

"நீங்க பிடிங்க அப்ப. இந்த முனையப் பிடிங்க, எடுத்துத் தரேன்."

"அது என் வேலை இல்ல மேடம்."

கொராலி கோட்டை விடவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த வாக்கியம் இது. வேறு எதைத் திருத்தினாலும் இதைத் திருத்த மாட்டேன். குரல் உயர்ந்தது, பஸீல் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் கோட்டை விடவில்லை.

"அந்த முனையில ஒரு பையன் நானூறு வருஷமா நட்டநடுத் தெருவுல இதையேதான் பண்றான். அவனுக்குச் சட்டை தெச்சுப் போடறீங்க. எம் பொண்ணுக்கு அபராதமா?"

"அது சிலை மேடம்."

குரல் கேட்டு, சிலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பினார்கள். ஒருவன் கைப்பேசியைத் தூக்கியபடியே சந்தின் மறுபக்கமாகச் சுற்றி வந்தான். கோட் மறைக்காத பக்கம்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நன்றாக வந்திருந்த பத்தி. ஸெலி என் காதில் சொன்ன இரண்டாவது விஷயம் இதுதான்: "அவன் எடுத்தானே, அத நீயும் எழுதாத." ஆகவே அந்தக் கைப்பேசிக்குள் என்ன பதிந்தது என்பது இந்தக் கதையில் இல்லை. ஸெலி அந்த நேரத்தில் எப்படி இருந்தாள், எழுந்தாளா, முடித்தாளா, எதுவும் இல்லை. அவன் அவளிடம் கேட்காமல் எடுத்தான். நான் கேட்டேன். அவள் மறுத்துவிட்டாள்.]

நான் எழுதலாம் என்று அவள் அனுமதித்தது அவள் பேசியதை மட்டும். அங்கிருந்தே அந்தச் சீருடைப் பெண்ணிடம் சத்தமாகக் கேட்டாளாம்:

"அவரு என்னப் படம் எடுக்கறாரு. அதுக்கு அபராதம் இல்லையா?"

சீருடைப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இது பொது இடம்" என்றாள். அவனிடம் இல்லை. ஸெலியிடம்.

8

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

சீருடையில் வந்தது ஓர் ஆள்தான் என்கிறாள் கொராலி. இரண்டு பேர் என்கிறாள் ஸெலி. இரண்டாமவர் வயதானவர், நரைத்த மீசை, தாமதமாக வந்தார். ஒன்றும் பேசவில்லை. கைப்பேசிக்காரனுக்கும் ஸெலிக்கும் நடுவில் வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அகலமான முதுகு. அவன் போகும்வரை நகரவில்லை.

"அப்படி யாருமே இல்ல" என்றாள் கொராலி, ஸெலி பள்ளிக்குப் போயிருந்தபோது. "கோட்டக் கையில பிடிச்சபடியே நான்தான் கத்திக்கிட்டு அவன் மேல பாஞ்சேன். அப்புறம்தான் சிரிச்சுக்கிட்டே போனான். எத்தனை தடவ சொன்னாலும் இவ கேக்க மாட்டேங்கறா. மீசைக்காரரு இருந்தாருங்கறா."

எனக்கு இருவரையும் நம்ப வேண்டியிருக்கிறது. எழுதுகிறவளாக யோசித்தால், அந்த மீசைக்காரரை எடுத்துவிடுவதுதான் நியாயம். அவர் இருந்தால் வாசகருக்கு ஓர் ஆறுதல் கிடைத்துவிடும், அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த ஆறுதலை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஸெலிக்கு அவர் தேவைப்பட்டிருக்கிறார். எங்கும் இல்லாத ஒரு முதுகை அவளே உண்டாக்கி நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அது அந்தத் தெருவில் நின்ற எல்லோருக்கும் வெட்கம். அவரை எடுக்க மாட்டேன். அவர் இருக்கட்டும்.

9

திரும்பும் ரயிலில் ஸெலி அம்மாவின் கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. (ரயில் பெட்டியின் கழிப்பறையும் பூட்டியிருந்தது. எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள் என்று நீக்கிவிட்டிருந்தேன். இப்போது திரும்பச் சேர்க்கிறேன்.)

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வெளியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டிலை, பள்ளியைவிட்டு வரும்போது வழியில் இருக்கும் புதரில் கொட்டிவிட்டு வெறும் பாட்டிலாகக் கொண்டுவந்தாள். பள்ளியின் கழிப்பறைக்கும் போகவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். காய்ச்சல் கொதித்தது. சிறுநீரில் தொற்று, சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மருத்துவர் கேட்டாராம்: "ஏன்மா தண்ணியே குடிக்கறதில்ல?"

"குடிச்சா வந்துடும்" என்றாள் ஸெலி.

கொராலிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அன்றைக்கு விதித்த அபராதத்தை எதிர்த்து அவள் முன்பே முறையிட்டிருந்தாள். இப்போது விசாரணைக்கு நேரில் போனாள், மருத்துவர் சொன்னதையும் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "சந்தர்ப்ப சூழ்நிலையைக் கருதி" அபராதம் ரத்து என்றார்.

"அவ்வளவுதானா?" என்று கொராலி கேட்டாள்.

"வேறென்ன மேடம்? ரத்துன்னா நீங்க எதுவும் கட்ட வேணாம்."

"எம் பொண்ணுகிட்ட யாராவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா நல்லா இருக்கும்."

"அதுக்கு இங்க வழியில்ல மேடம்."

வீட்டுக்கு வந்து, ஜெயித்துவிட்டோம் என்று ஸெலியிடம் சொன்னாள். ஸெலி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அங்க பாத்ரூம் கட்டிட்டாங்களா?"

"இல்ல."

"அந்தப் படத்த அழிச்சிட்டாரா?"

"தெரியலடி."

"அப்ப என்ன ஜெயிச்சோம்?"

10

ஆசிரியைக்கு இதுவரை எழுதியதை அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கோடை மலர்ல எப்படிங்க? ஜனங்க டிக்கெட் போட்டுட்டு ஆசையாப் படிப்பாங்க. கக்கூஸ் கதைய..."

"உங்க ஆபீஸ் கீழ கடைத்தெரு இருக்கே, அங்க துணி எடுக்க வர்ற பொம்பளைங்க எங்க போறாங்க?"

அவர் சொன்னார்: "நாங்களே கடைத்தெருவுக்குப் போறதுன்னா காலைலேருந்து தண்ணி குடிக்க மாட்டோம்."

இதைச் சாதாரணமாகச் சொன்னார். வெயிலில் குடை எடுத்துப் போவோம் என்பதைப் போல. உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். "முடிவு மட்டும் கொஞ்சம் நல்லபடியா வெச்சுக் குடுங்க" என்றார்.

முடிவு. அடுத்த வியாழக்கிழமை ஸெலியின் வகுப்பு பிரஸ்ஸல்ஸுக்குச் சுற்றுலா போகிறது. அதே அருங்காட்சியகம், பிறகு நகரத்தின் நடுவில் ஒரு நடை. நான் மூன்று முடிவுகளை எழுதிவைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் ஸெலி கீழே வந்தபோது படித்துக் காட்டினேன்.

முதலாவதில் அவள் போகிறாள். அதே காப்பிக்கடை, அதே பையன். இந்த முறை அவன் எதுவும் கேட்காமல் சாவியை எடுத்து நீட்டுகிறான்.

"பொய்" என்றாள்.

இரண்டாவதில் அவள் போகவில்லை. வீட்டிலேயே இருக்கிறாள், அம்மா அவளுக்கு டைனோசர் வடிவத்தில் பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறாள்.

"நான் வீட்டுல இருந்தா எல்லாருக்கும் வசதிதான்" என்றாள். எட்டு வயதுக்காரியின் வாயில் இதை நான் வைக்கவில்லை. வைத்திருந்தால் கொராலி என்னை விட்டிருக்க மாட்டாள்.

மூன்றாவதில், ஊர் முழுக்கக் கோபப்பட்டு, நகரசபையில் கேள்வி எழுந்து, தெருவுக்குத் தெரு... ஸெலி சிரித்துவிட்டாள். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

"சரி, நீயே சொல்லு. போறியா இல்லையா?"

"போறேன். தாடையத் திரும்பப் பாக்கணும். எங்க வகுப்புல யாருக்கும் எங்க படுக்கணும்னு தெரியாது."

"தண்ணி குடிப்பியா?"

அவள் மேசையில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

"குடிச்சா வரும். வந்தா எங்கயாவது போய்க் கேக்கணும். கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? அத நீ என்கிட்ட கேக்கற."

"வேற யார்கிட்ட கேக்கறது?"

"படிக்கறவங்ககிட்ட கேளு" என்றாள். மேலே அம்மா கூப்பிட்டாள், போய்விட்டாள்.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் ஒரு கடை வைத்திருக்கலாம், அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருக்கலாம், உணவகத்தில் பரிமாறலாம், அல்லது சும்மா ஒரு வரிசையில் கைப்பையோடு நிற்கலாம். ஊர் பிரஸ்ஸல்ஸாக இருக்க வேண்டியதில்லை. நல்ல கூட்டமான நேரம். உங்களுக்குக் களைப்பாக இருக்கிறது, உங்களிடம் யாரோ ஒரு விதியைச் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, கடைசியில் கேட்டும்விட்டாள். இப்போது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவளிடம் சொன்னது: